ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஃபைபர் பானெட்டா, தகர பானெட்டா?

கேள்வி இதுதான்: "1960களின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். பானெட்டின் கீழ் ஓரமும் ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள இடமும் அரித்துவிட்டன. கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல் இரண்டு பக்கமும் போய்விட்டது. டிக்கி தரையிலும் ஓட்டை. ஒரு பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஃபைபர் போட்டுவிடலாம், இனி துருவே பிடிக்காது என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் தகரத்திலேயே அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். எதைக் கேட்பது?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சில்லையும் டிக்கி தரையையும் தகரத்தில் செய்யுங்கள். பானெட்டையும் முடிந்தவரை தகரத்திலேயே மீட்கப் பாருங்கள். இனி முடியாது என்று ஒரு நல்ல டிங்கர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு ஃபைபர் பானெட் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பழைய பானெட்டை இரும்புக் கடைக்குப் போடாமல் வீட்டில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்படிப் பிரிப்பதற்கு இரண்டு காரணம்தான். அந்தத் துண்டு பாரம் தாங்குகிறதா என்பது ஒன்று. இன்று செய்வதை நாளைக்குக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குப் போக முடியுமா என்பது இன்னொன்று. பலர் முதலாவதை யோசிப்பார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள்.

ஹெரால்டு விஷயத்தில் இந்த இரண்டுக்கும் விடை, வண்டி கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. இதன் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வந்தபோது மற்ற கம்பெனிகள் மோனோகாக்குக்குப் (தனி சேசிஸ் இல்லாமல் பாடியே பாரம் தாங்கும் முறை) போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் வாங்கும் வழி அடைபட்டது. அதனால் தனி சேசிஸ் செய்து, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு நிறுத்தும் முறையை எடுத்தார்கள். வடிவம் இத்தாலியின் ஜொவான்னி மிக்கலோட்டி வரைந்தது. முன் பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கூரை தனி, சில் தனி. இரண்டு மட்கார்டையும் சேர்த்து முன்பக்கமாகக் கவிழும் அந்தப் பெரிய பானெட்டும் தனி. துண்டுகளாக அனுப்பி வேறு நாட்டில் பூட்டிக்கொள்ளவும் இந்த முறை வசதியாக இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961இல் 948 சி.சி. எஞ்சினோடு இதைத் தயாரிக்கத் தொடங்கியது.

ஆக, இந்த வண்டியில் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் சேசிஸில் உட்கார்ந்திருக்கின்றன. பானெட் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். அதனால்தான் பானெட்டுக்கு ஃபைபர் என்ற பேச்சுக்கே இடமிருக்கிறது. மோனோகாக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தரை, சில், பில்லர் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. பழைய மினியில் முன்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒரே துண்டு ஃபைபர் முகப்பு மாட்டுகிறார்கள். அங்கே முன் சப்ஃபிரேமை (எஞ்சினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டம்) பிடித்துக்கொண்டிருந்த தகரமும் சேர்ந்து போய்விடும். அதற்கு ஈடாகக் குழாய் வைத்துத் தாங்கு கொடுத்தே ஆக வேண்டும்.

ஹெரால்டின் அண்ணன் தம்பி வண்டிகளிலேயே இந்த வித்தியாசம் உண்டு. ஹெரால்டு சேசிஸில் சில்லுக்கு உள்பக்கமாக ஒரு ரெயில் ஓடுகிறது, அதனால் வெளியே தெரியும் சில் பெரிய பாரம் எதையும் சுமப்பதில்லை. அதே குடும்பத்து ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்க ரெயில் கிடையாது, சில்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஸ்பிட்ஃபயரில் ஃபைபர் சில் போடுவது ஆபத்து. ஹெரால்டில் போட்டால் வண்டி மடங்காது. அப்படியிருந்தும் உங்களை ஏன் தகரத்துக்கு அனுப்புகிறேன் என்றால், அந்தச் சில் பெரும்பாலும் நேரான மடிப்பு. ஷீட் பெண்டிங் மெஷின் இருக்கும் எந்த இடத்திலும் செய்துகொள்ளலாம். டயர் வீசும் கல் நாள் முழுக்க அதில்தான் அடிக்கும். அதைத் தகரம் தாங்கும், ஃபைபரின் மேல்பூச்சு நட்சத்திரம் நட்சத்திரமாக விரியும். சுலபமாகத் தகரத்தில் செய்ய முடிகிற ஒன்றுக்கு ஃபைபர் எதற்கு? ஒன்று மட்டும் சொல்கிறேன்: சில்லைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் அந்த ரெயிலையும், பாடியைத் தாங்க சேசிஸிலிருந்து நீளும் கைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வெளியே சில் போயிருக்கும் வண்டியில் உள்ளே இவை முழுசாக இருப்பது அபூர்வம். அங்கே பணம் தேவைப்பட்டால் பானெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு அங்கே போடுங்கள்.

டிக்கி தரை இன்னும் தெளிவானது. ஸ்பேர் வீல் அங்கே இருக்கிறது, பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, பின் பாடி சேசிஸோடு சேரும் போல்ட்டுகளும் அங்கேதான். அதைத் தகரத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

இனி நான் உண்மையாகப் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். "ஃபைபர் போட்டுவிடலாம்" என்று பட்டறையில் சொன்னால் உடனே இதைக் கேளுங்கள்: ஃபைபரில் தனியாகச் செய்த பேனலை மாட்டப் போகிறீர்களா, அல்லது அரித்த தகரத்தின் மேலேயே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் (காய்ந்தால் இறுகும் பிசின்) தடவப் போகிறீர்களா? பாதிப் பட்டறைகளில் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். ஓட்டையைச் சுற்றி லேசாகத் தேய்த்து, மேட்டை ஒட்டி, மேலே பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். டெலிவரி அன்று பளபளவென்று இருக்கும். பாலியெஸ்டர் ரெசின் தகரத்தை அப்படி ஒன்றும் இறுகப் பிடிப்பதில்லை. தகரமும் ஃபைபரும் வெயிலில் ஒரே அளவு விரிவதும் இல்லை. ஓரத்தில் மயிரிழை அளவு விலகினால் போதும், தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மேலே நல்ல பெயின்ட் இருப்பதால் உங்களுக்கும் தெரியாது. ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்துப் பெயின்ட் உப்பும்போது, முதலில் உள்ளங்கை அளவு இருந்த ஓட்டை முழங்கை நீளத்துக்குப் போயிருக்கும். அப்போது வெட்டி எடுக்கப் போனால், ரெசின் பிடித்த தகரத்தில் வெல்டிங் வைக்கவும் முடியாது. எரிந்து புகையும், பற்றும் வாய்ப்பும் உண்டு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, நல்ல தகரம் வரும்வரை பின்னுக்குப் போய் வெட்ட வேண்டும். கழற்றிவிட்டுத் திரும்ப முடியுமா என்று மேலே கேட்டதற்கு இதுதான் காரணம். நான்கு போல்ட்டில் நிற்கும் ஃபைபர் பானெட் பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். தகரத்தில் தடவிய ரெசினை அப்படிக் கழற்ற முடியாது. கடற்கரை ஊரில் வண்டி நிற்கும் என்றால் இதை இன்னும் கடுமையாகவே சொல்வேன்.

அதற்காக ஃபைபர் என்றாலே மட்டம் என்று பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1953இன் முதல் கார்வெட்டுகள் முழுக்க ஃபைபர் பாடி. 1957இல் லோட்டஸ் எலீட்டில் பாடியையே ஃபைபர் மோனோகாக்காகச் செய்து காட்டினார்கள். 1962இன் லோட்டஸ் எலானில் இரும்பு சேசிஸ் மேல் ஃபைபர் பாடி. நம் பக்கத்தில் பெங்களூரின் சிபானி, இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை அடிப்படையாக வைத்து 1980களில் டால்ஃபினைக் கொண்டுவந்தது. அதுவும் ஃபைபர் பாடிதான். அந்த வண்டிகளில் எல்லாம் எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எங்கே உலோகத் தகடு வைத்து வார்ப்பது என்று முதலிலேயே ஃபைபருக்காக யோசித்துச் செய்திருந்தார்கள். தகரத்துக்காக வரைந்த பானெட்டை ஃபைபரில் நகல் எடுக்கும்போது அந்த யோசனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் தரத்தை முடிவு செய்கிறது.

எடை குறையும் என்பார்கள். குறையும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கேஜ் தகரம் சுமார் 0.9 மி.மீ. அது ஒரு சதுர மீட்டருக்கு ஏழு கிலோ வரும். கையால் மேட் போட்டு வார்த்த ஃபைபர் 3 மி.மீ. இருந்தால் நாலரை கிலோ. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். வளைக்க எவ்வளவு எதிர்ப்புக் காட்டும் என்று பார்த்தால் இந்த இரண்டும் ஏறத்தாழ சமம், ஃபைபரே கொஞ்சம் முன்னால் நிற்கும். ஆனால் எடையைக் காட்டி விற்க வேண்டும் என்று 2 மி.மீ.க்குக் கீழே வார்த்துவிட்டால் அந்த விறைப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். வேகத்தில் பானெட் படபடக்கும். பயந்துபோய் 5 மி.மீ. வார்த்தால் தகரத்தைவிடக் கனமாகிவிடும். இழுவிசையில் ஃபைபர் பக்கத்தில்கூட வராது: அந்த 3 மி.மீ. ஃபைபரை இழுத்தால் 0.9 மி.மீ. தகரத்தைவிட எட்டு ஒன்பது மடங்கு அதிகம் நீளும். பாரம் தாங்கும் துண்டுக்கு ஃபைபர் கூடாது என்பது இதனால்தான். தெருவில் ஓட்டுகிற ஹெரால்டுக்கு மிச்சமாகும் அந்தச் சில கிலோ ஒரு பொருட்டே இல்லை. பந்தயத்துக்குப் போகிறவர்களின் காரணத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் வெயிலை மட்டும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளத்தில் சூடு 40 டிகிரி ஏறினால் தகரம் அரை மி.மீ. நீளும், ஃபைபர் சுமார் இரண்டு மடங்கு. மதியம் கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே இடுக்கு குறைவதற்கு இது போதும். பூட்டும்போது காலை நேரத்து இடுக்கை நம்பி நெருக்கி வைத்தால் பெயின்ட் உரசும். அதைவிடப் பெரிது, சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். கறுப்பு அல்லது கரும்பச்சை அடித்த பானெட் மே மாத வெயிலில் அந்த அளவை எட்டக்கூடியதுதான், கீழே எஞ்சின் வேறு இருக்கிறது. ஃபைபர் பானெட் போடுவதாக இருந்தால் வெளிர் நிறம் எடுங்கள். பெயின்ட் பூத்தில் சூடு வைத்துக் காய வைப்பதாக இருந்தால் அது ஃபைபர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகரத்துக்கு வைக்கும் சூட்டை வைத்தால் கொப்புளம் வரும், வடிவமும் போகலாம்.

பானெட்டைக் கையில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. பெயின்ட் அடிக்காததைத்தான் வாங்க வேண்டும், பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து உள்பக்கத்திலிருந்து பாருங்கள். மேல்பூச்சு கறுப்பாக இல்லாவிட்டால் மேட் எங்கே தடிமன், எங்கே மெல்லிசு, எங்கே காற்றுக் குமிழி என்று வெளிச்சத்திலேயே தெரியும். கீல் வரும் இடத்திலும் பக்கவாட்டுக் கொக்கி வரும் இடத்திலும் இரும்புத் தகடு வைத்து வார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஹெரால்டு பானெட் திறக்கும்போது மொத்த எடையும் முன்னால் உள்ள இரண்டு கீலில்தான் தொங்குகிறது. அங்கே வெறும் ஃபைபரில் போல்ட் போட்டால் ஃபைபர் அழுந்தி அழுந்திக் கொஞ்ச நாளில் போல்ட் லூசாகும், பிறகு விரிசல் விடும். மோல்டு எந்த பானெட்டிலிருந்து எடுத்தது என்பதும் முக்கியம். இடிபட்டு, பட்டி போட்ட பானெட்டிலிருந்து அச்சு எடுத்திருந்தால் அந்தக் கோணல் அத்தனை நகலிலும் வரும். இன்னொரு ஹெரால்டில் அதே மோல்டில் வார்த்த பானெட் பூட்டியிருப்பதை நேரில் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

வாங்கியதும் பெயின்டருக்கு அனுப்பாதீர்கள். முதலில் வண்டியில் பூட்டிப் பாருங்கள், தேய்க்க வேண்டியதைத் தேய்த்து இடுக்கைச் சரி செய்யுங்கள். அப்புறம் வண்டியிலேயே பூட்டிய நிலையில் சில வாரம் வெயிலில் விடுங்கள். ரெசின் வார்த்த பிறகும் மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் சுருங்கும். அது அடங்கும் முன் பெயின்ட் அடித்தால் மேட்டின் இழை ஓட்டம் பெயின்டில் அச்சு விழுந்தது மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். தேய்ப்பதற்கு முன்னால் மோல்டிலிருந்து வந்த மெழுகை அதற்கான சால்வென்ட் போட்டுத் துடைத்தே ஆக வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு உள்ளே ஏறி, பெயின்ட் அங்கங்கே பிடிக்காமல் கண்கண்ணாக விலகும். தேய்க்கும்போது மேல்பூச்சைத் தாண்டிவிடக் கூடாது, தாண்டினால் ஊசித்துளைகளை அடைத்தே நாள் போகும்.

ஒயரிங். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் பானெட்டில் இருக்கின்றன. தகர பானெட்டாக இருந்தால் பாடி வழியாக எர்த் கிடைக்கும். ஃபைபரில் கிடைக்காது. ஒவ்வொரு லைட்டிலிருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்து சேசிஸில் கட்ட வேண்டும். பெயின்ட் எல்லாம் முடிந்து பூட்டிய பிறகு லைட் மங்கலாக எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாலியெஸ்டர் ஃபைபர் எரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் பழைய பெட்ரோல் ஹோஸை மாற்றுங்கள், ஒரு தீயணைப்பான் வண்டியில் இருக்கட்டும்.

சரி, தகர பானெட்டை மீட்பது எப்படி இருக்கும்? கீழ் ஓரமும் ஹெட்லைட் சுற்றும் போனதாகச் சொல்கிறீர்கள். ஹெரால்டில் சேறு போய்த் தங்கும் இடங்கள் அவைதான், மேல்பரப்பு நன்றாக இருந்தால் இது மீட்கக்கூடிய பானெட். அரித்ததற்கு மேல் ஒட்டுப் போடாமல், நல்ல தகரம் வரும்வரை வெட்டி, அதே அளவுக்குப் புதுத் துண்டைத் தட்டி, விளிம்போடு விளிம்பு வைத்து வெல்டிங் வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்தால் நடுவில் தண்ணீர் தங்கி மறுபடியும் அங்கேதான் துரு வரும். சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதாரண தகடு) வாங்குங்கள், பழைய தகரத்தின் தடிமனை அளந்து அதே கேஜில். ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) துரு பிடிக்காது என்று கொடுப்பார்கள். அதை வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. பெரிய தட்டையான இடத்தில் நீளமாக ஒரே ஓட்டத்தில் வெல்டிங் ஓட்டினால் தகரம் அலை அலையாகும். மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கை தேர்ந்த பழைய டிங்கர்கள் காஸ் வெல்டிங்கிலேயே வைத்து, சூடாக இருக்கும்போதே டாலியும் (பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) சுத்தியலும் கொண்டு தட்டி அந்த இழுப்பை எடுத்துவிடுவார்கள். அந்தக் கை இருக்கிறவரைக் கண்டால் விடாதீர்கள். இப்போது அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்களிடம் இந்த மாதிரி வேலையைக் கொடுப்பதே ஒரு நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் பட்டி போடும் முன் வெறும் தகரத்தில் எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். இணைப்பில் சீலர், உள் மடிப்புகளில் மெழுகு ஸ்பிரே. தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபைபர் விற்பவர் சொல்லும் "துருவே வராது" என்பதற்குத் தகரத்தில் கிட்டத்தட்டச் சமமான பதில் இதுதான். தொழிற்சாலையில் இந்த அளவு பாதுகாப்பு அன்றைக்குக் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த பானெட் நின்றிருக்கிறது.

இன்னொரு விஷயம். 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனப் பதிவுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலான வண்டி, அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடி ஷெல்லிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்யும் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவு எடுத்தால் தினசரி ஓட்ட முடியாது என்பதால் எல்லாருக்கும் அது தேவைப்படாது. ஆனால் பின்னால் நீங்களோ உங்களிடம் வாங்குபவரோ அந்த வழியில் போக நினைத்தால், அசல் தகர பானெட் கையில் இருப்பதும், தரையும் சில்லும் தகரத்தில் இருப்பதும் பேச்சுக்கே இடம் வைக்காது. விலை பேசும்போதும் அப்படித்தான். பழைய கார் வாங்கத் தெரிந்தவர் காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வருவார், ஃபைபரில் அது ஒட்டாது.

உங்கள் வண்டிக்கு நான் வைக்கும் வரிசை: முதலில் சேசிஸ், பிறகு டிக்கி தரை, சில், கடைசியில் பானெட். பானெட்டைக் கழற்றி இரண்டாவது பட்டறைக்கே எடுத்துப் போய், பெயின்டைச் சுரண்டி வெறும் தகரத்தைக் காட்டி மதிப்புக் கேளுங்கள். பெயின்டோடு பார்த்துச் சொல்லும் விலை எந்தப் பக்கமும் சரியாக இருக்காது. மேல்பரப்பிலும் பட்டி அடுக்கடுக்காக இருந்து, தேய்த்தபின் சல்லடை மாதிரி வந்தால் அப்போது ஃபைபர் பானெட் விலை கேட்கலாம். அதற்கு முன் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒருமுறை தேடிப் பாருங்கள், மற்ற ஹெரால்டு வைத்திருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டியின் பானெட் ஒன்று கிடைத்தால் நீங்கள் கேட்ட கேள்வியே தேவைப்படாது.